கிரிப்டோ வணிகத்தில் பெருநட்டம்: விட்டதைப் பிடிக்கப் போகும் முன் மனம் மீள்வதற்கான முழு வழிகாட்டி

கிரிப்டோவில் சேமிப்பின் பெரும்பகுதியைப் பறிகொடுத்தவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. செய்ய வேண்டியவை எவை என்பது அவர்களுக்கு ஏறக்குறையத் தெரிந்தே இருக்கிறது, வரிசைதான் தலைகீழாகிவிடுகிறது. முதலில் பணத்தைப் பிடித்துவிடுவோம், பிறகு தூங்கிக்கொள்ளலாம், பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், பிறகு கடனைப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். முதல் நட்டம் சந்தையால் வந்ததாக இருக்கலாம். அதைவிடப் பெரிய இரண்டாவது நட்டம் பெரும்பாலும் இந்த வரிசைப் பிழையால்தான் வருகிறது.

எனவே கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்ய வேண்டும். விலை எங்கே போகும், எந்த நாணயத்தை வாங்கலாம் என்பவற்றுக்கு இங்கே இடமில்லை. வரி பற்றிய பகுதி இந்தியாவில் வசிப்பவர்களுக்கானது.

1. வரிசைக்கு முன்னால் வரும் இரண்டு நிலைமைகள்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறையேனும் வந்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் இந்த மனநல உதவி எண் கட்டணமில்லாதது, நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள். கணக்கு, கடன், விளக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, பணம் போனது சந்தையில் அன்றி மோசடியில் என்றால், அதாவது போலிச் செயலியிலோ யாரோ அனுப்பிய இணைப்பிலோ என்றால், உடனே 1930 என்ற இந்திய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் ஏதேனும் மிஞ்சும். அங்கே மணிக்கணக்கு முக்கியம். "இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முதலில் சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று டெலிகிராமில் வருபவர்கள் ஏற்கெனவே ஏமாந்தவர்களைத் தேடி வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. கிரிப்டோ பரிமாற்றங்களின் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் உறுதியாகிவிட்ட பரிமாற்றத்தைத் திருப்பிப் போடும் ஆற்றல் எந்தத் தனியாளுக்கும் கிடையாது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வங்கிக் கணக்கு அறிக்கை, எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) இறக்கிய முழு பரிமாற்றப் பட்டியல், கடன்களின் விவரம், ஒரு நோட்டுப் புத்தகம். கணினியில் அட்டவணை போடத் தெரிந்தவர்களும் நோட்டையே பயன்படுத்துவது நல்லது. அட்டவணையைத் திறந்தால் பக்கத்து ஜன்னலில் விலை வரைபடமும் திறந்துகொள்கிறது.

புதியவர்கள் இங்கே செய்யும் ஒரு பிழை பிற்பாடு திருத்த முடியாதது. ஆத்திரத்தில் செயலிகளை எல்லாம் ஒரே மூச்சில் அழித்துவிடுகிறார்கள். அதோடு இரட்டைச் சரிபார்ப்புக்கான செயலியும் போய்விடுகிறது. வாலட்டை, அதாவது கிரிப்டோவுக்கான பணப்பையை, மீட்க உதவும் 12 அல்லது 24 சொற்கள் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டவர்களும் உண்டு. எஞ்சியிருக்கும் சிறு தொகையும், வரிக் கணக்குக்கும் புகாருக்கும் தேவையான சான்றும் அதோடு போய்விடும். பட்டியலை இறக்குவது முதலில், அந்தச் சொற்களைப் பத்திரப்படுத்துவது இரண்டாவது, செயலியை நீக்குவது மூன்றாவது.

3. வணிகத்தை நிறுத்துதல்

பங்குச் சந்தையில் நட்டப்பட்டவருக்கு மாலை மூன்றரை மணிக்குச் சந்தையே கதவைச் சாத்திவிடும். கிரிப்டோ சந்தைக்கு இரவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ஆகவே கதவை நாமேதான் சாத்த வேண்டியிருக்கிறது.

லிவரேஜ் (கைப்பணத்தைப் பிணையமாக வைத்து அதைப் போல் பல மடங்கு தொகைக்கு வணிகம் செய்வது) எடுத்துத் திறந்து வைத்திருக்கும் வணிக நிலைகள் இருந்தால் முதலில் அவற்றை மூடுங்கள். 20 மடங்கு லிவரேஜில் விலை 5 சதவீதம் எதிராக நகர்வதற்குள்ளாகவே போட்ட பிணையம் முழுவதும் போய்விடும். பல எக்ஸ்சேஞ்சுகளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபண்டிங் கட்டணமும் (ஏறும் என்று வைத்தவர்களும் இறங்கும் என்று வைத்தவர்களும் தமக்குள் செலுத்துவது) கைமாறுகிறது. நீங்கள் ஆறுதலடையும் வரை அந்த நிலை காத்திருக்காது. பிறகு நிலுவையில் உள்ள ஆர்டர்களை ரத்து செய்யுங்கள், தானாக வாங்கி விற்கும் போட் மென்பொருள்களை நிறுத்துங்கள், உங்கள் கணக்கை இயக்க அவற்றுக்குக் கொடுத்திருந்த ஏபிஐ அனுமதிகளை நீக்குங்கள், எக்ஸ்சேஞ்சுக்குப் பணம் அனுப்பும் வங்கிக் கணக்கில் யூபிஐ வரம்பைக் குறையுங்கள்.

லிவரேஜ் இல்லாமல் வாங்கி வைத்திருக்கும் நாணயங்களை இந்தப் படியில் தொட வேண்டாம். விற்பதா வைத்திருப்பதா என்பது எட்டாவது படிக்கான கேள்வி. முதல் சில நாட்களில் எடுக்கும் முடிவு, எதுவாக இருந்தாலும், வலியைத் தணிப்பதற்காக எடுக்கப்படுகிறது.

நிறுத்துவது ஏன் இவ்வளவு கடினம் என்பதை அறிந்துகொண்டால் நிறுத்துவது சற்று எளிதாகும். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் பணத்தை மொத்தச் செல்வமாக எடைபோடாமல், மனத்தில் வைத்திருக்கும் ஒரு புள்ளிக்கு மேலா கீழா என்றே எடைபோடுகிறார்கள் என்று காட்டியது. அந்தப் புள்ளிக்குக் கீழே நிற்பவர், மேலே நிற்கும்போது தொடவே தொடாத ஆபத்துகளைத் துணிந்து எடுக்கிறார். ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990-இல் இதன் இன்னொரு பக்கத்தை விளக்கினார்கள்: நட்டத்துக்குப் பிறகு மக்கள் பொதுவாக ஆபத்தைத் தவிர்த்தாலும், விட்டது முழுவதையும் ஒரே அடியில் ஈடுகட்டக்கூடிய சூதாட்டம் எதிரே வந்தால் அதை மட்டும் விரும்பி எடுக்கிறார்கள். 50 மடங்கு, 100 மடங்கு லிவரேஜ் என்பது அத்தகைய வாய்ப்பைக் கைப்பேசியில் எந்நேரமும் வைத்திருக்கிறது. விட்டதைப் பிடிக்கத் துடிப்பது உங்கள் ஒருவரின் பலவீனம் என்று எண்ண வேண்டாம். எல்லோருக்கும் உள்ள அந்த இயல்புக்கு இந்தச் சந்தை கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

4. உறக்கம்

விலை எச்சரிக்கைகளையும் முகப்புத் திரையில் ஓடும் விலைப் பட்டையையும் நீக்குங்கள். டெலிகிராம், வாட்ஸ்அப் வணிகக் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். ஒலியை மட்டும் அடக்கி வைத்தால் போதாது, ஏனெனில் அடக்கிய குழுவில் எத்தனை செய்திகள் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்கவே கை போகும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். தொடர்ந்து சில இரவுகள் விடியும் வரை தூங்கி எழுந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். இரண்டு வாரமாகியும் உறக்கம் திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

5. உண்மையான நட்டத்தைக் கணக்கிடுதல்

இந்த வழிகாட்டியில் மிகுந்த பொறுமை வேண்டிய படி இது. பெரும்பாலோர் இதைத் தவிர்க்கிறார்கள். மனத்துக்குள் ஓடும் எண்ணே உண்மை என்று நம்புகிறார்கள்.

நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில், வங்கியிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கோ பி2பி (ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும்) விற்பனையாளருக்கோ சென்ற ஒவ்வொரு தொகையும் தேதியோடு. இரண்டாவது பத்தியில், திரும்ப வங்கிக்கு வந்த ஒவ்வொரு தொகையும். மூன்றாவதில், இன்று விற்றால் கைக்கு வரும் தொகை. முதல் பத்தியின் கூட்டலிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் கிடைப்பதுதான் நட்டம். கடன் வாங்கிப் போட்ட தொகை என்றால் இதுவரை கட்டிய வட்டியையும் முதல் பத்தியில் சேர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, "28 லட்சம் போய்விட்டது" என்று சொல்பவர் ஒருவரின் அறிக்கையைப் பத்தி பிரித்து எழுதினால், வங்கியிலிருந்து போனது 7,40,000 ரூபாய், திரும்பி வந்தது 1,15,000, கையில் இருப்பதன் மதிப்பு 60,000 என்று வரலாம். அவருடைய நட்டம் 5,65,000 ரூபாய். 28 லட்சம் என்பது ஏதோ ஒரு வாரத்தில் திரையில் தெரிந்த உச்ச மதிப்பு. அது அவர் வங்கிக்கு ஒருபோதும் வந்ததில்லை. ஆனால் அவர் மனம் அந்த 28-ஐயே தொடக்கப் புள்ளியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன கானெமன், ட்வெர்ஸ்கி ஆய்வு அங்கேதான் வேலை செய்கிறது: 5,65,000 ரூபாயைச் சில ஆண்டுச் சம்பளத்தில் ஈடுகட்டிவிடலாம் என்று மனம் ஒப்புக்கொள்ளும், 28 லட்சத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது என்பதால் மீண்டும் சந்தையைத்தான் நாடும்.

திரை எண் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு எஃப்டிஎக்ஸ் திவால் வழக்கு ஒரு சான்று. 2022 நவம்பரில் அந்த எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது, வாடிக்கையாளர்களின் கோரிக்கைத் தொகை அன்றைய விலையில் நிர்ணயிக்கப்பட்டது. பிட்காயினுக்கு அது ஏறத்தாழ 16,870 டாலர். பிறகு ஒப்புதலான திட்டத்தில் பெரும்பாலோருக்கு அந்தக் கோரிக்கைத் தொகைக்கும் மேலாகவே பணம் கிடைப்பதாக ஏற்பாடாயிற்று. ஆயினும், பிட்காயின் அதற்குள் பல மடங்கு ஏறியிருந்ததால், முழுத் தொகை பெற்றவர்களும் தாங்கள் இழந்ததாகவே உணர்ந்தார்கள். அவர்கள் வருத்தத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த வருத்தத்தின் அளவை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, பி2பி வழியாக அனுப்பிய சிறு தொகைகளை "அது பரவாயில்லை" என்று விட்டுவிடுவது. இரண்டாயிரம், மூவாயிரம் என்று இரவு நேரத்தில் போனவைதான் கூட்டிப் பார்க்கும்போது அதிரவைக்கின்றன.

6. வீட்டில் சொல்லுதல்

கணக்குக்குப் பிறகு இந்தப் படியை வைத்ததற்குக் காரணம் உண்டு. எண் தெரியாமல் சொல்லத் தொடங்குபவர், வாயில் வரும் தொகையைக் குறைத்தே சொல்லிவிடுகிறார். ஒரு மாதம் கழித்து மிச்சமும் தெரிய வருகிறது. நட்டத்தை மன்னித்த மனைவியோ தந்தையோ இரண்டாவது வெளிப்பாட்டை மன்னிப்பதில்லை. அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் பாதியாகவே கேட்கப்படும்.

கணக்கு முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றால் காத்திருக்க வேண்டாம். "கிரிப்டோவில் பெரிய தொகை போய்விட்டது. சரியான தொகையை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உட்காருவோம்" என்று சொன்னால் போதும்.

சொல்லும்போது வரிசை இதுதான்: மொத்தத் தொகை, அதில் கடன் எவ்வளவு, யாருடைய நகை அடகில் இருக்கிறது, அடுத்து கட்ட வேண்டிய தவணை எப்போது. "அம்மா, உங்க வளையலை அடகு வச்சதும் இதுக்குத்தான். எண்பதாயிரம். மீட்கிற தேதி மார்ச் பத்து" என்பது போல ஒவ்வொன்றையும் எண்ணோடு சொல்லுங்கள். லூனா நாணயத்தின் சரிவையும் எக்ஸ்சேஞ்சின் தவறையும் விளக்கத் தொடங்கினால் கேட்பவருக்கு அது சாக்காகவே படும். "சீக்கிரம் எடுத்துடுவேன்" என்ற வாக்குறுதியைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அந்த வாக்கைக் காப்பாற்றவே பலர் மறுநாள் மீண்டும் எக்ஸ்சேஞ்சைத் திறக்கிறார்கள்.

வீட்டாரிடம் சொல்லவே முடியாத நிலை என்றால், வணிகம் செய்யாத ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். வணிகம் செய்யும் நண்பர் ஆறுதலோடு ஓர் உத்தியையும் தருவார்.

7. மீளும் கணக்கைக் காகிதத்தில் போடுதல்

"ஒரு நல்ல ஏற்றம் வந்தால் போதும்" என்ற எண்ணம் எண்களைப் பார்க்காத வரைதான் நிற்கும். முதலில் பாதி போனால், மிஞ்சியது 100 சதவீதம் ஏற வேண்டும். முக்கால் பங்கு போனால் 300 சதவீதம். பத்தில் ஒன்பது பங்கு போனால் 900 சதவீதம்.

இந்தியாவில் இதோடு வரியும் சேர்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. ஒரு நாணயத்தில் விற்று அடைந்த நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. அதாவது, பத்து லட்சம் போட்டு ஐந்து லட்சத்துக்கு விற்று வெளியே வந்தவர், வேறு நாணயத்தில் அந்த ஐந்து லட்சத்தைப் பிடிக்க வேண்டுமானால் வரி போக ஐந்து லட்சம் மிஞ்ச வேண்டும். அதற்கு அவர் சுமார் 7.27 லட்சம் லாபம் ஈட்ட வேண்டும். கையில் இருக்கும் ஐந்து லட்சத்தின்மேல் அது 145 சதவீதம். 2022 ஜூலை 1 முதல் விற்பனைகளில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கப்படுவதால், அடிக்கடி வாங்கி விற்பவரின் கைமுதலும் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்குகிறது. வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்யலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் கையில் இராது.

உங்கள் கணக்கில் வரும் இந்தச் சதவீதத்தை நோட்டின் ஒரு பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். சந்தை ஏறும் ஒவ்வொரு நாளும் தோன்றும் தூண்டுதலுக்கு அந்தப் பக்கமே பதில். கணக்குத் தாக்கல் செய்யும்போது நட்டமடைந்த பரிவர்த்தனைகளையும் கிரிப்டோவுக்கான அட்டவணையில் காட்ட வேண்டும். நட்டம்தானே என்று விட்டுவிட்டால், பிடிக்கப்பட்ட டிடிஎஸ் வருமான வரித் துறையின் பதிவில் நிற்க, கணக்கில் அதற்கு விளக்கம் இல்லாமல் போகும்.

8. கடனைத் தனியே பிரித்தல்

வணிகம் வேறு, கடன் வேறு என்று இரண்டு பக்கங்களாகப் பிரிக்க வேண்டும். கடன் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் வட்டி, தவணைத் தேதி, தவறினால் நடப்பது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கடன் செயலிகளும் கிரெடிட் கார்டு நிலுவையும் பொதுவாக வட்டியில் முதலிடம் பிடிக்கும். நகைக்கடன் வட்டியில் குறைவாக இருந்தாலும் ஏலத் தேதி என்ற ஒன்று அதற்கு உண்டு. ஏலத் தேதி நெருங்கும் கடனைப் புதுப்பித்துவிட்டு, வட்டி மிகுந்ததிலிருந்து அடையுங்கள்.

கையில் மிஞ்சியிருக்கும் நாணயங்களைப் பற்றிய முடிவு இப்போதுதான். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதே தொகை ரொக்கமாகக் கையில் இருந்தால், இத்தனை வட்டிக்குக் கடன் இருக்கும்போது, இந்த நாணயத்தை இன்று வாங்குவேனா? இல்லை என்றால் விற்றுக் கடனில் கட்டுங்கள். வாங்கிய விலைக்கு வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. நீங்கள் வாங்கிய விலை சந்தைக்குத் தெரியாது. 2022 மே தொடக்கத்தில் 80 டாலர் அளவில் இருந்த லூனா ஒரு வாரத்துக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. பத்து டாலருக்கு வந்தபோது "இதற்குக் கீழே எங்கே போகும்" என்று மேலும் வாங்கியவர்கள் அதையும் இழந்தார்கள்.

9. காரணத்தை எழுதுதல்

பணம் போன வகை வேறுபட்டால் மனத்தின் காயமும் வேறுபடும். லிவரேஜில் போனவர் தன்னையே சாடுகிறார். எக்ஸ்சேஞ்ச் முடங்கிப் பணம் சிக்கியவர், 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் ஊடுருவலில் நடந்ததைப் போல, கோபத்தில் இருக்கிறார். தான் எடுத்த முடிவு எதையும் அவரால் குறைசொல்ல முடிவதில்லை. மோசடியில் போனவருக்கு வெட்கம். மூன்றையும் ஒரே அறிவுரையால் ஆற்ற முடியாது. எனவே முதல் வரியில் வகையை எழுதுங்கள்.

பிறகு, பணத்தை அதிகம் தின்ற சில முடிவுகளை மட்டும் எடுத்து, அந்த நாளில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை எழுதுங்கள். இன்று தெரிவதைக் கலக்கக் கூடாது. நடந்து முடிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்ததுபோல் தோன்றும் என்பதை உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975-இலேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார். இந்த மயக்கம்தான் தவறான பாடத்தைக் கற்பிக்கிறது. "பிட்காயினை 69,000 டாலரில் விற்றிருக்க வேண்டும்" என்பது பாடமாகாது. 2021 நவம்பரில் அதுதான் உச்சம் என்று யாருக்கும் தெரியாது. "சேமிப்பில் முக்கால் பங்கை ஒரே நாணயத்தில் போட்டேன்" என்பது பாடம். விலையை முன்கூட்டி அறியாமலேயே கடைப்பிடிக்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே ஒரு வரியைப் பாடம் என்று நோட்டில் விடுங்கள், மற்றவற்றை அடித்துவிடுங்கள். அடித்த வரிகள் மிகுதியாக இருக்கும். இரவில் திரும்பத் திரும்ப வந்து குத்துபவை அவைதான் என்பதால், அடிப்பதே ஒரு நிம்மதி.

10. திரும்புவதா, வேண்டாமா

கடன் தவணைகள் சீராக ஓடத் தொடங்கும் வரை இந்தக் கேள்வியையே எடுக்க வேண்டாம். எடுக்கும்போது, ஏன் திரும்ப விரும்புகிறேன் என்பதை ஒரு பத்தியாக எழுதி, உங்கள் நட்டத்தை அறிந்த அந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "மீட்க", "பிடிக்க", "நிரூபிக்க" என்ற பொருளில் ஏதேனும் அதில் இருந்தால் காலம் வரவில்லை என்று கொள்ளுங்கள்.

சிலர் திரும்பவே கூடாது. வணிகத்துக்காகப் பொய் சொன்னது, பணமுடையைத் தீர்க்கப் பிறர் பணத்தை நம்பியது, நிறுத்த முயன்றபோது எரிச்சலும் தவிப்பும் வந்தது, தொகையைக் கூட்டிக்கொண்டே போனால்தான் ஈடுபாடு வந்தது ஆகியவை சூதாட்ட நோயின் அறிகுறிகளாக மனநல மருத்துவம் வகைப்படுத்தியிருப்பவை. இவற்றில் சில உங்களுக்குப் பொருந்தினால், விதிகளை இறுக்குவதால் பயன் இல்லை, சிகிச்சை வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் இதற்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே போவதை நட்டத்துக்கான தண்டனையாக எண்ணாதீர்கள். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவதைப் போன்றதே அது.

11. திரும்பினால் முதல் ஆறு மாதம்

பழைய கணக்கின் எண்ணைப் புதிய கணக்கில் எழுதாதீர்கள். புதிய தொகை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பழைய நட்டம் முடிந்துபோன செலவு. சேர்த்து எழுதினால் ஒவ்வொரு சிறு லாபமும் "இன்னும் இவ்வளவு பாக்கி" என்றே தெரியும். உடனே தொகையைக் கூட்டத் தோன்றும்.

லிவரேஜ் வேண்டாம். ஒரு வணிகத்தில் கணக்கின் 1 சதவீதத்துக்கு மேல் இழக்காதபடி அளவை வையுங்கள். தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் கணக்கில் 90 சதவீதத்துக்குச் சற்று மேல் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் 10 சதவீதத்தை வைத்தால், அதே பத்துத் தோல்வியில் 35 சதவீதம்தான் மிஞ்சும். தோற்கும் முறைகளின் எண்ணிக்கையை நம்மால் தீர்மானிக்க முடியாது, அளவை முடியும்.

வாங்கும் முன் காரணம், வெளியேறும் விலை, அந்த நேரத்து மனநிலை ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். மூன்றாவதைப் பலர் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் சில வாரங்களுக்குப் பின் புரட்டிப் பார்த்தால், "அவசரம்", "எரிச்சல்", "தூக்கம் வரவில்லை" என்று எழுதிய நாட்களிலேயே பெரிய நட்டங்கள் குவிந்திருப்பதைக் காணலாம். வணிக நேரத்தை நாளுக்கு ஒரு மணி என்று வரையறுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு எந்த ஆர்டரும் இல்லை.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது முதல் தோல்வியில் இல்லை, முதல் நல்ல வெற்றியில். "கை வந்துவிட்டது" என்று அளவை இரட்டிப்பாக்குகிறார்கள். ஆகவே அளவை மாற்றும் முடிவை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எந்த வணிகமும் திறந்திராதபோது மட்டும் எடுங்கள்.

விதி மீறப்பட்ட நாளில், அந்த வணிகத்தில் லாபமே வந்திருந்தாலும், ஒரு வாரம் நிறுத்தி அந்த ஒருவரிடம் சொல்லுங்கள். மூன்றாவது முறை மீறினால் எஞ்சிய தொகையை வங்கிக்கு மாற்றிவிட்டுப் பத்தாவது படிக்குத் திரும்புங்கள்.